நெஞ்சுயரச் சுற்றளவு

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் ஆடிக் காற்றில் எங்கள் வீட்டுக் கூரை போயிற்று. கீற்று போனால் கீற்று வாங்கி வேய்ந்துகொள்ளலாம். போனது கூரையைத் தாங்குகிற முகட்டு வளை. கரையான் உள்ளே தின்றுவிட்டு வெளியே பட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது. நடுவில் ஒடிந்து, கூரை மொத்தமும் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான்கு சுவரும் ஒரு கம்பமும் நின்றன. மேலே வானம்.

என் மகள் பஞ்சவர்ணத்துக்கு அப்போது ஆறாம் மாதம். அவளைக் கட்டிக்கொடுத்தது அரியலூர்ப் பக்கம். மருமகன் அங்கமுத்துவுக்குச் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஐப்பசிக் கடைசி என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ஐப்பசி என்றால் மழை. அதற்குள் வளை ஏறியாக வேண்டும். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஜீப்பில் வந்தது.

வளைக்கு என்னிடம் மரம் இருந்தது. உடையார்பாளையம் போகிற ரோட்டோரம் எனக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை. வீடும் அதிலேயே. பத்து வருஷத்துக்கு முன்னால் காட்டு நாற்றங்காலில் பை நிரப்பும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் லாரியில் ஏற்றும்போது ஒரு பை கிழிந்து தைல மரக் கன்று சாய்ந்தது. தூக்கி எறி என்றார்கள். எடுத்து வந்து எருக்குழி ஓரம் நட்டேன். அதன் அடியில்தான் என் ஏழு ஆடும் படுக்கும். பத்து வருஷத்தில் எழுபதடி போய்விட்டது. அதே லாரியில் ஏறிய மற்றக் கன்றுகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் முந்நூறு ஏக்கரில் நிற்கின்றன. என் கைவிரல் கனம்.

தைல மரம் வெடிக்கும், முறுக்கும் என்பார்கள். பனை வளை வாங்க வழியில்லாதவன் அதையெல்லாம் பார்க்க முடியாது.

ஆவணி முதல் வியாழக்கிழமை கோடாலியை எடுத்தேன். முதல் வெட்டுக்கு ஓங்கும்போது ரோட்டில் ஜீப் நின்றது. ஜீப்பில் வருகிறவனை நான் நம்புவதில்லை. இறங்கி ஓடி வந்தவர் ஆறடி உயரம். காக்கிச் சட்டை, கழுத்தில் ஏதோ கருவி.

"யோவ்! நிறுத்துய்யா! கோடாலியைக் கீழ போடு!"

போட்டேன்.

அவர் பெயர் நடராசன். மர ஆராய்ச்சி ஆபீஸில் அதிகாரி. மரத்தைச் சுற்றி மூன்று தடவை வந்தார். தொட்டுப் பார்த்தார். பட்டையை முகர்ந்தார். பிறகு ஜீப்புக்குள் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். "கிடைச்சிடுச்சுய்யா!"

மெட்ராஸிலிருந்து அவர்களுக்கு ஓர் உத்தரவு. மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு ஆபீஸும் தன் எல்லைக்குள் ஓர் உயர்ந்த மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிளஸ் மரம் என்று பெயர். அதன் விதையை எடுத்து நட்டால், இனி வரப்போகிற காடு முழுவதும் அது மாதிரியே வளருமாம். காகித ஆலைக்குக் கட்டை கிடைக்குமாம்.

"மூணு தாலுகா சுத்திட்டேன்" என்றார் நடராசன். "பத்து வருஷமா நாங்க நட்ட மூவாயிரம் ஏக்கர்ல ஒரு மரம் தேறல. நீ நட்ட ஒத்த மரம் தேறியிருக்கு. இதுலேருந்து என்னய்யா தெரியுது?"

"எரு கிடைச்சா வளரும்னு தெரியுதுங்க."

"இல்ல. இதோட ரத்தம் உசத்தின்னு தெரியுது. மரத்தோட பெருமை அதோட பிறப்புல இருக்கு. மண்ணுல இல்ல. மண்ணுல இருக்குன்னா நாங்க மண்ணைல்ல கவனிச்சிருக்கணும்."

"சார், இந்த எடம் எருக்குழி ஓரம். ஆட்டுப் பட்டி. பத்து வருஷப் புழுக்கை கீழ கெடக்கு."

அவர் கையில் இருந்த பாரத்தைப் புரட்டினார். நான்கு பக்கம். முன்னும் பின்னும் பார்த்தார்.

"மண் வகைன்னு ஒரு கட்டம் இருக்கு. செம்மண், கரிசல், மணல். மூணுல ஒண்ணை டிக் பண்ணணும். எருக்குழின்னு கேள்வியே இல்லையே. கேக்காததுக்குப் பதில் எழுதினா மேலேருந்து விளக்கம் கேப்பாங்கய்யா."

செம்மண்ணை டிக் செய்தார்.

அதன் பிறகு ஒப்பீடு. பிளஸ் மரம் என்று சொல்வதற்கு முன்னால், அறுபதடிக்குள் நிற்கிற ஐந்து மரங்களோடு அதை ஒப்பிட்டு எழுத வேண்டும். அந்த ஐந்தைவிட இது எவ்வளவு மேல் என்று கணக்கு. என் கொல்லையில் வேறு தைல மரம் இல்லை. ஆபீஸர் கூட வந்த ஆட்கள் விழித்தார்கள். "மரம்னுதானேய்யா போட்டிருக்கு, என்ன மரம்னு போடல" என்றார் நடராசன். முருங்கையை எழுதினார்கள். வேம்பை எழுதினார்கள். நாயுருவி மாதிரி கிடந்த ஒரு சீமைக்கருவையை எழுதினார்கள். போன வருஷம் இடி விழுந்து கரிந்துபோன முந்திரியை எழுதினார்கள். ஐந்தாவதாக நின்றது பக்கத்துக் கொல்லைக்காரரின் பனை. அளந்து பார்த்தால் அது என் மரத்தைவிட நாலடி உயரம்.

நடராசன் முகம் சுருங்கிவிட்டது.

"பனை மரம் இல்ல" என்றார்.

"என்னங்க?"

"சாஸ்திரப்படி பனை மரமே கிடையாது. அது புல்லு வகை."

வாலிப வயதில் பதினெட்டு வருஷம் பனை ஏறியிருக்கிறேன். ஒரு தடவை விழுந்து இடது கால் ஒடிந்தது. இன்றைக்கும் அந்தக் கால் நேராக வராது. இத்தனை நாளும் புல்லிலிருந்து விழுந்தவன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஐந்தாவது மரத்துக்கு என் வீட்டுக் கம்பத்தை எழுதிக்கொண்டார்கள். கூரை போன பிறகு தனியாக நின்றதே, அந்தக் கம்பம். அது போன வருஷம் வளர்ந்தது பூஜ்யம். அதனால் என் மரத்தின் மேன்மை ஒரேயடியாக ஏறிவிட்டது. நடராசன் அந்தக் கம்பத்தைத் தட்டிக்கொடுத்தார்.

மரத்துக்கு இரண்டு மஞ்சள் பட்டை அடித்து, நடுவில் கறுப்பு மையில் 1 என்று எழுதினார்கள்.

"இனிமே இது உன் மரம் இல்லய்யா. நாட்டோட மரம்."

"சார், மக பிரசவத்துக்கு வருது. வூட்டுக்கு வளை வேணுங்க."

"பெரிய மனசு பண்ணுய்யா" என்றார். ஜீப் போய்விட்டது.

அடுத்த வாரம் மரத்துக்குக் காவல் வந்தது. எங்கள் தெருப் பையன் செல்லக்கண்ணுதான் வாட்சர். முப்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஐந்தடிக்குக் குறைவான உயரம். என்னைப் பெரியப்பா என்பான். மரத்தின் பக்கத்திலேயே ஒரு செட் கட்டினார்கள். சிமெண்டுத் தரை, செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அளவு டேப்பும் ரிஜிஸ்டரும் உள்ளே இருக்கும். செல்லக்கண்ணு வெளியே இருப்பான். பூட்டின் சாவி அரியலூர் ஆபீஸில் இருக்கும். மாதத்தில் ஒரு நாள் சாவியும் நடராசனும் வருவார்கள்.

மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. முதல் தடவை நடராசன் நெஞ்சுக்கு நேராக அளந்தார்கள். இரண்டாம் தடவை அவருக்குக் காய்ச்சல். சாவியை ஒரு பியூனிடம் கொடுத்து அனுப்பினார். செல்லக்கண்ணு தன் நெஞ்சுக்கு நேராக டேப்பைப் பிடித்தான். எந்த மரமும் அடியில் பருத்துத்தானே இருக்கும். நாலு அங்குலம் கூடிவிட்டது.

ஆபீஸில் லட்டு கொடுத்தார்களாம். ஒரு மாதத்தில் நாலு அங்குலம் பருத்த தைல மரம் இந்தியாவிலேயே கிடையாது என்று மெட்ராஸுக்கு எழுதினார்கள். நடராசன் திரும்பி வந்தபோது விஷயம் அவருக்குப் புரிந்தது. ஆள் முட்டாள் இல்லை. மறுபடி தன் நெஞ்சுக்கு அளந்தால் மரம் இளைத்துப்போகும்.

"செல்லக்கண்ணு, இனிமே உன் நெஞ்சுதான்யா ஆபீஸ் நெஞ்சு" என்றார்.

அதற்கு எழுத்தில் உத்தரவும் வந்தது. வேறு யாரும் அளக்கக் கூடாது. அடுத்த மாதம் அளக்கும்போது செல்லக்கண்ணு கொஞ்சம் குனிந்தான்.

"என்னடா குனியிற?"

"வளரணும்ல பெரியப்பா. வளரலேன்னா மெமோ வரும்."

நான் அரியலூர் ஆபீஸுக்குப் போனேன். மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். என் கொல்லையில் நான் நட்ட மரத்தை என் வீட்டுக்கு வெட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும், மகள் பிரசவத்துக்கு வருகிறாள், மழைக்கு முன்னால் வேண்டும் என்று இருந்தது. அங்கே இருந்த கிளார்க் படித்துவிட்டு, "இது எங்க கையில இல்ல பெரியவரே, பெரம்பலூர் போங்க" என்றார். பெரம்பலூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கே ஒரு பெரிய அதிகாரி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார். நல்லபடியாகத்தான் பேசினார்.

"பட்டா உங்க பேர்லதான் இருக்கு?"

"ஆமாங்க."

"அப்ப மரம் உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதோட பிளஸ் இருக்கு பாருங்க, அது எங்களுது."

"சரிங்க."

"பிளஸை எங்ககிட்ட விட்டுட்டு மரத்தை நீங்க தாராளமா வெட்டிக்கலாம். ஆட்சேபணையே இல்ல."

"பிளஸைத் தனியா எப்படிங்க எடுக்கறது?"

"அதுக்குத்தான் ஆராய்ச்சி நடக்குது" என்றார். "இன்னும் பன்னெண்டு வருஷத்துல தெரிஞ்சிடும். நாங்க யாரையும் கஷ்டப்படுத்தறதுக்கு உக்காந்திருக்கல பெரியவரே. என் சர்வீஸ்ல ஒரு மனுவையும் நான் நிராகரிச்சது கிடையாது. எல்லாமே அப்படியே இருக்கு, பாருங்க."

பின்னால் இருந்த பீரோவைக் காட்டினார். இருந்தன.

திரும்பி வந்தபோது மரத்தைச் சுற்றி அகழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடு மாடு வராமல் இருக்க. மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, நாலடி அகலம், ஆறடி ஆழம், வட்டமாக. தைல மர வேர் பக்கவாட்டில் ஓடும். கையளவு வேர்களைக் கடப்பாரையால் குத்தி வெட்டி மேலே வீசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், வேரை வெட்றாங்க" என்றேன் நடராசனிடம்.

"வேரை வெட்டலய்யா. அகழி வெட்றோம்."

"வேர் போனா மரம் நிக்குமாங்க?"

"எஸ்டிமேட்டுல அஞ்சடின்னு போட்டாச்சு. மரத்துக்காக எஸ்டிமேட்டை மாத்த முடியாது. அப்புறம் இன்னொண்ணு. உன் ஆட்டையெல்லாம் வேற எங்கயாவது ஓட்டிடு. இந்த மரத்துக்கு இருக்கற ஒரே ஆபத்து உன் ஆடுதான்."

ஏழு ஆட்டையும் ஆண்டாயி அவள் தம்பி வீட்டுக்கு ஓட்டிப்போனாள். ஆண்டாயி என் மனைவி. போகும்போது நடராசனைப் பார்த்து, "ஆடு தின்னது எலைய. நீங்க வேரையே தின்னுட்டீங்களே சாமி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். பொதுமக்கள் ஆர்வம் என்று எழுதினாராம். செல்லக்கண்ணு சொன்னான்.

புரட்டாசியில் மரத்தின் உச்சி மஞ்சளாயிற்று. காய்கிறது என்றேன். அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பொன்னிறக் கொழுந்து இந்த மரத்தின் தனிக் குணம் என்று ரிஜிஸ்டரில் ஏற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அகழி என் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வந்திருந்தது. இரண்டு பலகை போட்டு நடந்தோம். ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் பஞ்சவர்ணத்தை அழைத்து வந்தேன். நிறைமாதம். ஒரு கையில் வயிறு, ஒரு கையில் என் தோள். பலகையில் வரும்போது கீழே பார்த்துவிட்டாள்.

"ஏப்பா, இது என்ன கெணறா?"

"ஆராய்ச்சிம்மா."

"வூட்டுக்கு மேல என்னப்பா இருக்கு?"

வீட்டுக்கு மேலே பை இருந்தது. நாற்றங்காலில் மண் நிரப்புகிற கறுப்புப் பிளாஸ்டிக் பை. வளை இல்லாமல் கீற்று நிற்காது. அதனால் சுவருக்குச் சுவர் மூங்கில் போட்டு, பழைய பைகள் அறுநூறைக் கிழித்து விரித்து, ஆண்டாயி கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்து மூடியிருந்தாள். பதினேழு நாள் தைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றை மறந்துவிட்டோம். அந்தப் பைகளில் பைக்கு எட்டு ஓட்டை. தண்ணீர் தேங்கிக் கன்றின் வேர் அழுகாமல் இருப்பதற்காகப் போடுவது. நாற்றங்காலில் அந்த ஓட்டை போடுகிற வேலை என்னுடையது. கம்பியைச் சுட வைத்து நானே குத்தியவை. முந்திரிப் பிசினை வைத்து அடைத்துப் பார்த்தோம். முதல் மழையில் கரைந்து போயிற்று.

மழை பிடித்து மூன்றாம் நாள் நடராசன் அளக்க வந்தார். செட் திறந்திருந்தது. உள்ளே தரை தூசியாக இருந்தது. அத்தனை காய்ந்து கிடந்தது.

"சார், மகளுக்கு இன்னைக்கோ நாளைக்கோங்க. பத்து நாளைக்கு இந்த செட்டைக் குடுங்க. ஒரு பொருளையும் தொட மாட்டோம்."

அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். நானே பார்த்தேன்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குய்யா. ஆனா நீ யோசிச்சுப் பாரு. உள்ள டேப் இருக்கு. ஈரம் பட்டா டேப் சுருங்கிடும். அளவு தப்பாயிடும். தப்பான அளவு ஒரு தடவை மேல போயிட்டா அப்புறம் திருத்தவே முடியாது. பச்சப் புள்ள நனைஞ்சா துவட்டிக்கலாம்."

பூட்டிக்கொண்டு போனார். செல்லக்கண்ணு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசி இருபத்து நாலு, மத்தியானம், ஆண் குழந்தை. நல்ல குழந்தை. நாங்கள் நாலு மூலையிலும் பானை வைத்தோம். பானை இல்லாத இடத்திலும் ஒழுகிற்று. ஆண்டாயி முறத்தைப் பிள்ளைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வலித்தால் நான் பிடிப்பேன். என் கை வலித்தால் அவள். ஏழாம் நாள் பிள்ளைக்குச் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஆண்டாயி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எறங்கிடலாம்" என்றாள்.

இறங்கினோம்.

செட்டின் பூட்டை நான் உடைத்திருக்கலாம். அது ஒரு சின்னப் பூட்டு. கோடாலியின் பின்பக்கத்தால் ஒரு அடி போதும். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

முப்பதாம் நாள் அங்கமுத்து வந்து பஞ்சவர்ணத்தை அழைத்துப்போனான்.

அவள் போன நாலாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, மரம் விழுந்தது. பெரிய காற்றுகூட இல்லை. மழையில் அகழி நிறைந்து மண் ஊறியிருந்தது. மெதுவாகச் சாய்ந்து, கொஞ்சம் நின்று, அகழிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. கீழே பார்த்தால் வேர் என்று ஒரு கூடையளவு இருந்தது. நான் கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். எதற்காகப் போனேன் என்று கேட்டால் தெரியாது. மரம் கீழே கிடந்தது, கோடாலி கையில் இருந்தது.

"பெரியப்பா, தொடாதீங்க" என்று செல்லக்கண்ணு அழுகிற குரலில் சொன்னான். "மகஜர் எழுதணும். தொட்டா என் வேல போயிடும்."

உட்கார்ந்தேன்.

சாயங்காலத்துக்குள் இரண்டு ஜீப் வந்தது. ஏழு பேர். எல்லோரும் அகழிக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நடராசன் தொப்பியை எடுத்துவிட்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒருவர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். நாலு வாரத்துக்கு முன்னால் என் வீட்டில் நடந்ததற்கு ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. வர வேண்டும் என்று விதியும் இல்லை.

அழுது முடித்த பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. வருகிற புதன்கிழமை டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. நம்பர் ஒன்று மரத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிறது.

செவ்வாய்க்கிழமை சங்கிலி வைத்த லாரி வந்தது. மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். மூன்று பக்கம் கம்பிக் கயிறு கட்டி முளையடித்தார்கள். நாலாவது பக்கம் செட் குறுக்கே இருந்தது, முளையடிக்க இடமில்லை. என் வீட்டுக் கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். கமிட்டிக்குத் தெரியாமல் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

"வெளியாளை நம்ப முடியாதுய்யா" என்றார் நடராசன். "அமாவாசை, நீதான் பிடிக்கணும். இது உன் மரம்." அமாவாசை என் பெயர்.

நான்கு மாதத்துக்குப் பிறகு மரம் மறுபடி என்னுடையதாயிற்று.

இலை உதிர்ந்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கக் காட்டிலிருந்து கிளை வெட்டி வந்து சணலால் கட்டினார்கள். பொன்னிறத்துக்கு, மஞ்சளாகப் போனதாகப் பார்த்து எடுத்தார்கள். அதற்குப் பஞ்சமே இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. பதினாறு பேர். பெரம்பலூர் அதிகாரியும் வந்திருந்தார். நான் சுவருக்குப் பின்னால் கயிற்றோடு நின்றேன். இடைவெளியில் எல்லாம் தெரிந்தது. பெரம்பலூர் அதிகாரி பேசினார்.

"இந்த மரம் தானாகவே நிமிர்ந்து நிற்கிறது. யாருடைய உதவியும் இல்லை. நம்முடைய இலாகாவும் அப்படித்தான். நாங்கள் நட்டதில் எது வளர்ந்தது, எது வளரவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். வளர்ந்ததா என்பது முக்கியமில்லை. அளந்தோமா என்பதுதான் முக்கியம். ஒரு மாதமாவது அளக்காமல் விட்டோம் என்று யாராவது சொல்ல முடியுமா?"

கை தட்டினார்கள். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. கையை விட்டால் யார் மேல் விழும் என்று பார்த்தேன். அதிகாரி நின்றார். டெல்லிக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு செல்லக்கண்ணு நின்றான். குடை எட்டவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதனால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டெல்லிக்காரர்களில் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் மட்டும் கீழே குனிந்து மண்ணைக் கையில் எடுத்தார். கறுப்பாக இருந்தது. விரலால் நசுக்கி மோந்து பார்த்தார். நடந்து வந்து சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். ஹிந்தியில் ஏதோ கேட்டார். நடராசன் ஓடி வந்தார்.

"இந்த மரத்தோட ரகசியம் என்னன்னு கேக்கறாரு."

"ஆட்டுப் புழுக்கைங்க" என்றேன். "இப்ப கயிறு."

நடராசன் இங்கிலீஷில் ரொம்ப நேரம் சொன்னார். கிழவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவருக்கும் ஓர் ஆபீஸ் இருக்கும்.

கார்கள் ரோட்டில் திரும்பி மறையும் வரைக்கும் பிடித்திருந்தேன். பிறகு கையை விட்டேன். மரம் இரண்டாம் தடவை விழுந்தது.

எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். நடராசன் மட்டும் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். அவருக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்று பெரம்பலூர் அதிகாரி காதில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ரூல் புக்கைப் பூரா படிச்சுட்டேன்யா" என்றார். "பிளஸ் மரம் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. நிக்கணும்னு எங்கயும் போடல. எடுத்துக்க."

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"வளையாவே போட்டுக்க. மஞ்சள் பட்டையைச் செதுக்கிடாத. நம்பர் வெளிய தெரியணும். மாசா மாசம் செல்லக்கண்ணு வந்து அளப்பான்."

தை பிறந்து வளை ஏற்றினோம். செல்லக்கண்ணுவும் ஒரு கை பிடித்தான். கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. கீற்று வேய்ந்தோம். ஒழுகவில்லை. இனி எதற்கு வேய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டாயி உள்ளேதானே இருந்தாள்.

செல்லக்கண்ணு மாதத்தின் முதல் திங்கட்கிழமை வருவான். உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, மஞ்சள் பட்டைக்கு நேராக டேப்பைச் சுற்றுவான். படுத்துக் கிடக்கிற மரத்துக்கு நெஞ்சு அதுதான் என்று ஆபீஸில் முடிவு செய்திருந்தார்கள். முதல் மாதம் இருந்த அளவை இருந்தபடியே எழுதினான். வளர்ச்சி ஏன் இல்லை என்று மெமோ வந்தது. அடுத்த மாதத்திலிருந்து கூட்டி எழுத ஆரம்பித்தான்.

ஐப்பசிக்குப் பிறகு ஆண்டாயி அதிகம் பேசுவதில்லை. பங்குனியில் அவன் உரல் மேல் நின்றபோது, அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எவ்வளவுடா ஆயிருக்கு?"

"அரை அங்குலம் கூடியிருக்குங்க பெரியம்மா."

"புள்ள இந்நேரம் குப்புற விழுந்திருப்பான்" என்றாள்.

செல்லக்கண்ணு என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு மாதமும் கேட்பாள். ஆனியில் உட்கார்ந்திருப்பான் என்றாள். ஆடியில் தவழ்ந்தான். வாசல்படி தாண்டுகிற அளவுக்கு வந்துவிட்டான், அகழிப் பலகையை எடுத்துவிட வேண்டும் என்றாள். எடுத்துவிட்டேன்.

மறு ஐப்பசி வந்தது. வெளியே மழை. உள்ளே சொட்டு இல்லை. செல்லக்கண்ணு டேப்பைச் சுற்றினான். அது எப்போதும் இருக்கிற அளவைத்தான் காட்டியது. ரிஜிஸ்டரை எடுத்து எழுதினான்.

"எவ்வளவுடா?"

"அரை அங்குலங்க பெரியம்மா."

ஆண்டாயி யோசித்தாள். முகம் வாடியது.

"அரைதானா? நடக்கற வயசாச்சேடா" என்றாள்.

செல்லக்கண்ணு டேப்பை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினான். எழுதியதை அடித்துவிட்டு ஒரு அங்குலம் என்று எழுதினான்.